கையைக் கடிக்காத நல்ல ஒயின்: எந்தப் பிரதேசத்தில் எதைத் தேடுவது

ஒயின் வாங்கப் புதிதாகப் போகிறவர் பெரும்பாலும் செய்வது இதுதான்: கேள்விப்பட்ட ஊர்ப் பெயர் எந்த லேபிளில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயரில் இருப்பதிலேயே மலிவான பாட்டிலை எடுப்பது. அலமாரியில் இதைவிட மோசமான பேரம் கிடையாது. அதே காசுக்குப் பக்கத்து ஊர்த் தயாரிப்பாளரின் நல்ல ஒயின் கிடைத்திருக்கும்; பெயர் தெரியாததால் கை அங்கே போகவில்லை. அந்தப் பெயர்களையும், லேபிளில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பதையும் வரிசையாகப் பார்ப்போம். பேச்சு முழுக்க வாங்கிய சில மாதங்களில் திறந்து குடிக்கிற ஒயினைப் பற்றித்தான். பத்தாண்டு பத்திரப்படுத்தும் பாட்டில்கள் வேறு கணக்கு.

1. முதலில் விலையைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு பாட்டிலின் விலையில் கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, கப்பல் கூலி எல்லாம் அடக்கம். இவை உள்ளே இருக்கும் ஒயின் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. பல நாடுகளில் மதுவரியும் லிட்டர் கணக்கிலோ ஆல்கஹால் அளவிலோதான் போடப்படுகிறது. அதுவும் எல்லா பாட்டிலுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

கணக்குக்காக ஒரு பாட்டில் 10 பங்கு விலை என்று வையுங்கள். மாறாத செலவு 5 பங்கு, விற்பவர்களின் லாபம் 3 பங்கு என்றால் ஒயினுக்கு மிஞ்சுவது 2. விலை 14 ஆனால் மாறாத செலவு அதே 5தான். லாபம் அதே விகிதத்தில் 4.2. ஒயினுக்கு மிஞ்சுவது 4.8. விலை 40% ஏறியதும் திராட்சைக்கும் வேலைக்கும் போகிற பணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

ஆகவே அடிமட்ட விலையில் நிற்காதீர்கள். இருப்பதிலேயே மலிவான பாட்டிலின் விலையைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை உள்ள வட்டத்தில்தான் காசுக்கேற்ற சரக்கு அதிகம். அதற்கு மேலே போகப் போக நிலத்தின் மதிப்புக்கும் பெயருக்கும் கொடுக்க ஆரம்பிக்கிறீர்கள். உங்கள் ஊரில் வரி விலையின் சதவீதமாகப் போடப்பட்டால் இந்தத் தாவல் இவ்வளவு கூர்மையாக இருக்காது, ஆனால் திசை அதேதான்.

ஒயினை முதிரவைக்கும் ஓக் மரப் பீப்பாயையும் இந்தக் கணக்கில் சேருங்கள். 225 லிட்டர் பீப்பாய் ஒன்றிலிருந்து 300 பாட்டில் வரும். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் பல நூறு யூரோ. அந்தச் செலவை மலிவு பாட்டில் தாங்காது. எனவே மலிவான ஒயினில் வெனிலா, காபி வாசனை தூக்கலாக அடித்தால் அது பெரும்பாலும் தொட்டிக்குள் போட்ட ஓக் சில்லுகளின் வேலை. சட்டப்படி குற்றமில்லை, ஐரோப்பிய ஒன்றியமே 2006 முதல் அனுமதிக்கிறது. ஆனால் சுமாரான பழத்தை மறைக்கத்தான் அது அதிகம் பயன்படுகிறது. குறைந்த விலையில் ஓக் படாத ஒயினே பாதுகாப்பான தேர்வு.

2. பாட்டிலைத் திருப்பிப் பின் லேபிளைப் படியுங்கள்

முன் லேபிள் விளம்பரம். உங்களுக்கு வேண்டிய ஆவணம் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கிறது.

யார் பாட்டிலில் அடைத்தார்கள் என்று முதலில் பாருங்கள். பிரெஞ்சு லேபிளில் 'மிஸ் ஆன் பூத்தேய் ஓ ஷாத்தோ' அல்லது 'ஓ தொமேன்' என்றிருந்தால் அந்தத் தோட்டத்திலேயே அடைத்தது. 'தான் லா ரெஜியோன் த புரொதுக்ஸியோன்' என்றால் அந்தப் பிரதேசத்துக்குள் எங்கோ அடைத்தது; பல இடத்து ஒயினை வாங்கிக் கலந்ததாக இருக்கலாம். ஜெர்மனியில் 'குட்ஸ்அப்ஃபுல்லுங்' என்பது தோட்ட அடைப்பு. கூட்டுறவுச் சங்க ஒயின் என்று தெரிந்தால் முகம் சுளிக்க வேண்டாம். ஷாப்லியின் லா ஷாப்லிசியென், பார்பரெஸ்கோவின் புரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ, தென்மேற்கு பிரான்சின் பிளேமோன், வட இத்தாலியின் தெர்லான் எல்லாம் கூட்டுறவுகள்தான். பல தனித் தோட்டங்களைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள்.

அடுத்து, இடம் எவ்வளவு பெரியது? 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்பது பல மாநிலங்களை அள்ளிப்போட்ட பெயர். 'கலிஃபோர்னியா', தென்னாப்பிரிக்காவின் 'வெஸ்டர்ன் கேப்', சிலியின் 'வாய்யே சென்ட்ரல்' எல்லாம் அதே ரகம். விலை சற்றே ஏறினாலும் ஒரு படி சுருங்கிய இடப்பெயரைத் தேடுங்கள்: கிளேர் வேலி, லோடாய், ஸ்வார்ட்லாண்ட், கொல்சாகுவா. இடம் சுருங்கினால் கலவை குறையும், பொறுப்பு கூடும்.

திராட்சை இரகத்தின் பெயர் போட்டிருந்தால் அது முழுக்க அந்த இரகம் என்று பொருளல்ல. ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் குறைந்தது 85%, அமெரிக்காவில் பொதுவாக 75% இருந்தால் போதும். மீதிக்கு வேறு எதுவும் வரலாம்.

ஐரோப்பிய ஒயின்களில் ஒரு புதிய வசதி இருக்கிறது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரானவற்றில் சேர்மானப் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் கட்டாயம். பெரும்பாலும் ஒரு க்யூஆர் குறியீடாக இருக்கும். கைபேசியில் திறந்து 'சர்க்கரை' வரியைப் பாருங்கள். 100 மில்லிக்கு என்று போட்டிருப்பதைப் பத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைக்கும். 0.4க்குக் கீழே என்றால் இனிப்பில்லாத ஒயின். 'ட்ரை' என்ற நினைப்பில் எடுத்த மலிவு சிவப்பு 1.0 அல்லது 1.2 காட்டினால், துவர்ப்பை மழுப்ப இனிப்பை விட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். எண் சராசரிக் கணக்காகவும் இருக்கலாம், ஆனாலும் முன் லேபிளின் கவிதையைவிட நம்பகமானது.

3. பெரிய பெயரை விட்டுப் பக்கத்து ஊருக்குப் போங்கள்

இந்தப் பகுதியைக் கைபேசியில் சேமித்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பெரிய பெயருக்கும் அருகிலேயே, அதே திராட்சையை அல்லது அதன் உறவை வைத்துக்கொண்டு, பாதி விலையில் ஓர் ஊர் இருக்கிறது.

பிரான்ஸ்: வெறும் 'போர்டோ' என்று மட்டும் போட்ட அடிமட்டச் சிவப்பு பல சமயம் மெலிந்து, பச்சைக் காம்பு போலத் துவர்க்கும். அதற்குப் பதில் ஃப்ரோன்சாக், அல்லது 'கோத் த போர்டோ' என்ற பெயரோடு வரும் பிளாய், காஸ்தியோன் பாருங்கள். மெர்லோ திராட்சை அதிகம், சீக்கிரமே குடிக்கப் பதமாகிவிடும். சான்செர் ஆசைப்பட்டால் மெனெத்து-சாலோன், கான்சி, இன்னும் மலிவாக வேண்டுமென்றால் துரேன். எல்லாமே சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை. பர்கண்டி வெள்ளைக்கு மாக்கோன்-வில்லாஜ், சேன்-வெரான். ஷாத்தோநெஃப்-து-பாப் ஊருக்கு ஆற்றின் மறுகரையில் லிராக். இல்லையென்றால் ஊர்ப்பெயர் சேர்த்த 'கோத் து ரோன் வில்லாஜ்'. கடலோரத் தெற்கில் கோர்பியேர், மினெர்வுவா சிவப்பும் பிக்பூல் த பினே வெள்ளையும் அன்றாடத்துக்கென்றே பிறந்தவை. மஸ்கடே வாங்கினால் 'சுர் லீ' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். நொதி வண்டலோடு குளிர்காலம் முழுக்க வைத்தது என்று பொருள், உடம்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

போஜொலேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளியாகும் 'நுவோ'வை ஒருமுறை குடித்துவிட்டு அந்தப் பிரதேசத்தையே ஒதுக்கியவர்கள் ஏராளம். உண்மையில் காமே திராட்சைக்குப் பத்து 'க்ரூ' ஊர்கள் (சொந்தப் பெயரிலேயே விற்கும் உயர்தர ஊர்கள்) உண்டு: மோர்கோன், ஃப்ளூரி, புரூயி, ஜூலியேனா, மூலான்-ஆ-வான் முதலியவை. பல பாட்டில்களில் 'போஜொலே' என்ற சொல் முன்னால் இருக்கவே இருக்காது, ஊர்ப்பெயர் மட்டும்தான். பர்கண்டியின் பினோ நுவார் விலையைப் பார்த்து மலைத்தவருக்கு இவைதான் முதல் மாற்று.

இத்தாலி: மேல்தட்டு ஒயினுக்குத் தம்பி உறவில் இன்னொரு பெயர் அங்கே வழக்கம். பரோலோவுக்கு லாங்கே நெபியோலோ. அதே தயாரிப்பாளர், சில சமயம் அதே தோட்டத்துத் திராட்சை, முதிர்ச்சிக் காலம்தான் குறைவு. புருனெல்லோவுக்கு ரோஸ்ஸோ தி மொன்டால்சினோ. புருனெல்லோ அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் வெளிவரும். ரோஸ்ஸோ மறு ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிடும். இந்தக் காத்திருப்புச் செலவுதான் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு. இவற்றுக்கும் கீழே பார்பெரா தாஸ்தி, தொல்செத்தோ. வெள்ளையில் வெர்திக்கியோ தெய் காஸ்தெல்லி தி யேசியும் சோவாவே கிளாசிகோவும். 'கிளாசிகோ' என்பது பழைய மூலப் பகுதி என்ற சட்டக் குறிப்பு. சோவாவேயில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது தகும்.

ஒரு பொறி: 'மொன்டெபுல்சானோ தாப்ருட்ஸோ'வும் 'வீனோ நோபிலே தி மொன்டெபுல்சானோ'வும் ஒன்றல்ல. முதலாவதில் அது திராட்சையின் பெயர், அப்ருட்ஸோ பகுதி, பெரும்பாலும் மலிவு. இரண்டாவதில் அது டஸ்கனியில் உள்ள ஓர் ஊர், திராட்சை சான்ஜொவேசே, விலையும் அதிகம். முதலாவதை அன்றாடத்துக்குத் தயங்காமல் வாங்கலாம்.

ஸ்பெயின், போர்ச்சுகல்: காசுக்கேற்ற சிவப்பு என்று ஒரே நாட்டைச் சொல்லச் சொன்னால் ஸ்பெயின்தான். காம்போ தெ போர்ஹா, கலதாயூத் இரண்டிலும் பழைய கர்னாச்சா (பிரெஞ்சில் கிரெனாஷ்) கொடிகள், ஹூமிய்யாவில் மொனஸ்த்ரெல். ஆல்கஹால் 14, 15% வரை ஏறும், அதை மட்டும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு ருவேடாவின் வெர்தேஹோ, ரியாஸ் பைஷாஸ் அல்பரின்யோவைவிட எப்போதும் இறங்கிய விலை. ரியோஹாவில் வயதுச் சொற்களுக்குச் சட்ட அளவு உண்டு: சிவப்பில் 'கிரியான்சா' குறைந்தது 2 ஆண்டு, அதில் 1 ஆண்டு ஓக்கில், 'ரெசெர்வா' 3 ஆண்டு, 'கிரான் ரெசெர்வா' 5 ஆண்டு. கிரியான்சா தான் அன்றாடத்தின் உச்சப் படி. போர்ச்சுகலில் தாவோ, அலென்தேஜோ, லிஸ்போவா சிவப்புகள். வின்யோ வெர்தேயின் அடிமட்ட பாட்டில்களில் கொஞ்சம் வாயுவும் கொஞ்சம் இனிப்பும் சேர்த்திருப்பார்கள்; மொன்சாவ் எ மெல்காசு பகுதி அல்வரின்யோ என்று போட்டிருப்பது ஆழமானது.

ஜெர்மனி, ஆஸ்திரியா: ரீஸ்லிங் இனிப்பாகத்தான் இருக்கும் என்று பயப்படுகிறவர்கள் ஆல்கஹால் அளவைப் பார்த்தால் போதும். 7.5 முதல் 9% என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. 11.5%க்கு மேல், 'ட்ரோக்கன்' என்ற சொல்லும் இருந்தால் இனிப்பில்லை. மூடியில் திராட்சைக் கொத்துடன் கழுகு முத்திரை இருந்தால் அது விடிபி என்ற முன்னணி ஜெர்மன் தோட்டங்களின் சங்கத்து உறுப்பினர் தோட்டம். அங்கே 'குட்ஸ்வைன்' என்ற அடிப்படைப் படியை எடுங்கள். சுமாரான தோட்டத்தின் உச்சப் படியைவிடப் பல சமயம் நன்றாக இருக்கும். ஆஸ்திரியாவின் கிரூனர் வெல்ட்லினர் ஒரு லிட்டர் பாட்டிலில் வருவதுண்டு. அது தரம் குறைந்ததற்கான அடையாளம் இல்லை, அங்கே வீட்டு உபயோகத்துக்கான அளவு அதுதான்.

தென்கோளம்: தென்னாப்பிரிக்காவின் செனின் பிளாங்க் உலகில் விலைக்கு மிஞ்சிய வெள்ளைகளில் ஒன்று. 35 வயது கடந்த கொடிகளுக்கு அங்கே சான்று முத்திரை உண்டு, நடப்பட்ட ஆண்டும் அதில் இருக்கும். சிலியில் 'கோஸ்தா' என்ற சொல் கடலோரக் குளிர்ச்சியைக் குறிக்கும். காசாபிளாங்கா, லேய்தா வெள்ளைகள் அந்த வகை. சிவப்பில் பெரிய பெயர் மைப்போ என்றால், மௌலேயின் கரின்யானும் இத்தாத்தாவின் சின்சோவும் இன்னும் மலிவு. அர்ஜென்டினாவில் வெறும் 'மென்தோசா'வைவிட 'வாய்யே தெ ஊக்கோ' என்றிருந்தால் உயரமான, குளிர்ந்த நிலம். மால்பெக் அவ்வளவு கனமாகக் குழையாது. ஆஸ்திரேலியாவில் ஷிராஸை விட்டு கிளேர் வேலி ரீஸ்லிங், மெக்லாரன் வேல் கிரெனாஷ் பக்கம் வாருங்கள். கிரீஸ் தென்கோளம் இல்லைதான், ஆனால் இங்கேயே சொல்லிவிடலாம்: சான்டொரினி அசிர்திக்கோ ஏறிக்கொண்டே போகிறது, அதே திராட்சை பெருநிலப் பகுதியிலிருந்து வந்தால் விலை நன்றாக இறங்கும்.

நுரை ஒயினுக்கு ஷாம்பெயின் இடத்தில் கிரேமோன் வாங்குங்கள்: லுவார், அல்சாஸ், லிமூ, பர்கண்டி எல்லாவற்றிலும் உண்டு. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் நொதிப்பு நடக்கும் முறைதான் இதிலும். வண்டலோடு குறைந்தது 9 மாதம். ஸ்பெயினின் காவாவுக்கும் அதே 9. இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் தொட்டியில் நொதிப்பது, சுவையே வேறு. வாங்கும்போது ஒரு குழப்பம் காத்திருக்கும்: 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது 'புரூட்'டைவிட இனிப்பு. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள், எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை.

4. பொருள் இல்லாத சொற்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்

'வியேய் வீன்ய்', 'ஓல்ட் வைன்ஸ்' இரண்டுக்கும் பெரும்பாலான இடங்களில் சட்ட வயது கிடையாது. 20 ஆண்டுக் கொடிக்கும் போடலாம். 'கிரான் வான் த போர்டோ' தரப் படி இல்லை. 'ரிசர்வ்' என்பது அமெரிக்காவில் விரும்பியவர் போட்டுக்கொள்ளும் சொல்; சிலியின் 'ரெசெர்வா'வும் ரியோஹாவின் 'ரெசெர்வா'வும் பெயரில்தான் ஒன்று.

கனமான பாட்டில் இன்னொரு தூண்டில். சாதாரண பாட்டில் 400 முதல் 550 கிராம் கண்ணாடி. 900 கிராம் இருந்தால் அந்தக் கூடுதல் எடைக்கும், அதைக் கப்பலில் ஏற்றியதற்கும் நீங்கள்தான் தருகிறீர்கள். அடிக்குழி ஆழமாக இருப்பதும் தரத்துக்குச் சான்றல்ல. திருகுமூடியைக் குறையாகப் பார்க்காதீர்கள். அன்றாட ஒயினுக்கு அதுதான் நல்லது, கார்க்கிலிருந்து கெட்ட வாசனை ஏறும் 'கார்க் கெடுதல்' வராது.

பதக்க வட்டத்தையும் மதிப்பெண் அட்டையையும் கூர்ந்து பாருங்கள். அலமாரியில் '92 புள்ளி' என்று தொங்கும் அட்டை 2020 அறுவடைக்குக் கிடைத்ததாக இருக்கும், கீழே நிற்கும் பாட்டிலோ 2022. ஆண்டு ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

5. ஆண்டும் காலமும்

அன்றாட வெள்ளையும் ரோஸேயும் (இளஞ்சிவப்பு ஒயின்) அறுவடையிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். இளஞ்சிவப்பு இருக்கட்டும், செம்பு நிறம் தட்டத் தொடங்கிய ரோஸேயைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அன்றாடச் சிவப்புக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டு சரி. விதிவிலக்குகள்: ரீஸ்லிங், ஆஸ்திரேலியாவின் ஹன்டர் வேலி செமியோன், நல்ல செனின், ரியோஹா ரெசெர்வா. இவை தேங்கிப்போய்த் தள்ளுபடிக்கு வந்தால் அள்ளலாம்.

தென்கோளத்தில் அறுவடை ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல், வடகோளத்தில் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர். எனவே 2024 என்று போட்ட சிலி வெள்ளை, 2024 பிரெஞ்சு வெள்ளையைவிட ஏறக்குறைய அரை ஆண்டு மூத்தது. ஆண்டே போடாத மலிவு வெள்ளையை விட்டுவிடுங்கள். நுரை ஒயினில் மட்டும் ஆண்டில்லாதது இயல்பு.

6. பாட்டில் எப்படி வைக்கப்பட்டிருந்தது?

நல்ல ஒயினை வெயிலும் விளக்கும் கெடுத்துவிடும். நிறமற்ற கண்ணாடியில் இருக்கும் வெள்ளையும் ரோஸேயும் குழல்விளக்குக்கு நேர் கீழே நின்றால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை பிடிக்கும். அலமாரியின் பின்வரிசையிலிருந்து அல்லது பெட்டியிலிருந்து எடுக்கக் கேளுங்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டிருந்தாலோ, மூடியோரம் பிசுபிசுத்தாலோ சூடு பட்ட பாட்டில். கழுத்தில் ஒயினின் மட்டம் பக்கத்துப் பாட்டிலைவிட இறங்கியிருந்தாலும் வேண்டாம். சன்னல் ஓரக் காட்சிப் பாட்டிலை இலவசமாகக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

7. ஒன்று வாங்கிச் சோதித்துவிட்டுப் பெட்டியாக வாங்குங்கள்

பன்னிரண்டாக எடுத்தால் விலை குறைப்பவர்கள் உண்டு. அந்தக் குறைப்புக்கு மயங்கி, சுவைக்காத ஒயினில் 12 பாட்டில் வீட்டுக்குக் கொண்டுவருவது புதியவர்களின் பெரிய நஷ்டம். ஒரே திராட்சை, மூன்று பிரதேசம், ஏறக்குறைய ஒரே விலை என்று மூன்று பாட்டில் எடுங்கள். சோவின்யோன் பிளாங்க் என்றால் துரேன், நியூசிலாந்தின் மார்ல்பரோ, காசாபிளாங்கா. கிரெனாஷ் என்றால் காம்போ தெ போர்ஹா, கோத் து ரோன், மெக்லாரன் வேல். ஒன்றின் விலை மற்றதைவிட மிக அதிகமாக இருந்தால் ஒப்பீடு வீண்.

மூன்றையும் ஒரே நாளில் தீர்க்க வேண்டியதில்லை. பாட்டில் திறந்ததுமே பாதியை 375 மில்லி பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் கழித்தும் ஒப்பிடலாம். முன், பின் இரு லேபிளையும் படம் எடுங்கள். இறக்குமதியாளர் பெயரும் தெரியும்படி. உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று ஒயினுக்கும் ஒரே இறக்குமதியாளர் பெயர் வந்தால், பெயரே தெரியாத பிரதேசத்து ஒயினையும் அந்த ஒரு வரியை நம்பி எடுக்கலாம். பிடித்ததை அடுத்த சில வாரங்களுக்குள் வாங்கிவிடுங்கள். அறுவடை ஆண்டு மாறிவிட்டால் திரும்பவும் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

8. திறந்த பிறகு

வெள்ளை 8 முதல் 10 டிகிரி, இலேசான சிவப்பு 13, 14, கனமான சிவப்பு 16 முதல் 18. அறை வெப்பம் 25க்கு மேல் இருந்தால் எந்தச் சிவப்பையும் அரைமணி நேரம் குளிரவைத்துத் திறங்கள். சூட்டில் ஆல்கஹால் மூக்கில் ஏறி, நல்ல ஒயினும் மட்டமாகத் தோன்றும். பாதிப் புகார்கள் இதனால்தான்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெடுதல். காற்றுப்பட வைத்தாலும் சரியாகாது. ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் மூடி, ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். கால்வாசிப் பாட்டிலைக் கொண்டுபோனால் ஏற்பது கடினம். கொளுத்திய தீக்குச்சி வாசனை என்றால் பயமில்லை, கிண்ணத்தில் சுழற்றி அரைமணி விட்டால் போய்விடும். அடியில் கற்கண்டுத் தூள்போல் பளபளப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கில்லை.

தினம் ஒரு தம்ளர் மட்டும் குடிப்பவருக்குப் பாட்டிலைவிடப் பைப்பெட்டி (அட்டைப்பெட்டிக்குள் குழாய் வைத்த ஒயின் பை) லாபம். 3 லிட்டர் என்றால் நான்கு பாட்டில், திறந்த பின் நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும். ஆனால் திறக்காமல் வைத்தால் பாட்டிலைப் போல ஆண்டுக்கணக்கில் நிற்காது. பெட்டியில் அச்சிட்ட அடைப்புத் தேதி ஆறேழு மாதத்துக்குள் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். தேதியே இல்லாத பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.